ஈசானிய மூலையில் ஒரு சொம்பு

முட்டாள்தனத்தில் பல ரகம் உண்டு. என்னுடையது எந்த ரகம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். எழுதியவன் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகத்தான் உலகத்தில் மொட்டைக் கடிதம் எழுதுகிறார்கள். நான் அதை ஆபீஸ் டைப்ரைட்டரில் மூன்று பிரதி அடித்து, தபால் பதிவேட்டில் வரவு எண் போட்டு, ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தி, முத்திரைக்குக் கீழே என் சுருக்கொப்பத்தையும் போட்டு ஃபைலில் சேர்த்தேன். ‘கொண்டுவந்தவர்’ என்ற கட்டத்தைக் காலியாக விட மனம் வராமல் ‘நேரில்’ என்றும் எழுதினேன்.

குமாஸ்தா வேலை பார்த்த கைகள். மூளையிடம் அனுமதி கேட்கிற பழக்கம் அவற்றுக்கு இல்லை.

இது எண்பதுகளின் நடுவில். எங்கள் கம்பெனியின் தலைமை ஆபீஸ் துபாயில், தேராவில் இருந்தது. பக்கத்து நாட்டுத் துறைமுக ஊர் ஒன்றில் கழிவுநீர்க் குழாய் பதிக்கிற வேலை கிடைத்ததும், சைட் கிளார்க்காக என்னை அங்கே அனுப்பினார்கள். ஊர் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் சிலருக்கு என் முகம் ஞாபகம் இருக்கலாம்.

குழாய் போக வேண்டிய வழியில் ஒரு பழைய தேவாலயம். அதை ஒட்டிக் கல்லறைத் தோட்டம். காய்ச்சலில் செத்த கப்பல்காரர்கள், வைத்தியம் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள், அவர்களுடைய கைக்குழந்தைகள் என்று நூறு வருஷத்து ஆட்கள் அதற்குள் படுத்திருந்தார்கள். நாங்கள் தோண்ட வேண்டியது மதிலுக்கு வெளியே ரோட்டோரம்தான். ஆனால் தேவாலயத்தில் தொங்கிய ஒரு பழைய போட்டோவில், மதில் இப்போது இருக்கும் இடத்தைத் தாண்டியும் சில சிலுவைகள் தெரிந்தன. அதனால் சர்க்கார் ஒரு நிபந்தனை போட்டது. மதிலோரம் மண் எடுக்கும்போதெல்லாம் ஒரு தொல்லியல் ஆள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவர் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும்.

வந்தவர் ஓர் ஆங்கிலேய அம்மையார். ஐம்பது வயதிருக்கும். நாங்கள் மேடம் என்போம். கொண்டுவந்தது ஒரு மடக்கு ஸ்டூல், ஒரு டீ ஃபிளாஸ்க், உள்ளங்கை அளவில் கூர்மையான ஒரு கொத்தனார் கரண்டி. அவருடைய வேலை என்னவென்று முதல் நாள் முழுக்கக் கவனித்தேன். நிற்கிறார், பார்க்கிறார். சாயங்காலம் வரை நின்று பார்த்துவிட்டு நோட்டில் இரண்டு வரி எழுதிக்கொண்டு போனார். இதற்கு ஒரு படிப்பா என்று தோன்றியது. நானும் அந்தக் கம்பெனியில் ஆறு வருஷமாக நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பட்டம்தான் இல்லை.

இரண்டாம் நாள்தான் அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று புரிந்தது. எனக்கல்ல, பொக்லைன் ஆபரேட்டர்களுக்கு. பக்கெட்டில் இருந்த இரும்புப் பற்களைக் கழற்றச் சொல்லிவிட்டார். பல்லில்லாத பக்கெட்டால் ஒரு தடவைக்கு நாலு விரல் கனம்தான் மண்ணைச் சுரண்ட வேண்டும். மண்ணின் நிறம் மாறினால் மேடத்தின் கை உயரும். கை முழுதாக உயர்வதற்குள் பக்கெட் நின்றிருக்க வேண்டும். முதலில் வந்த ஆபரேட்டர் கிணறு தோண்டுவது போலத் தோண்டி அரை நாளில் வெளியே போனார். அடுத்தவர் ஒன்றரை நாள் தாங்கினார். மூன்றாவதாக வந்தவன் ராமநாதபுரம் ஜில்லாக்காரன், இருபத்தேழு வயது. பாலில் ஆடை எடுப்பது போல மண்ணை எடுத்தான். மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து முதல் முறையாக டீ குடித்தார். இனிமேல் இந்த ஆள்தான், வேறு யாரும் வேண்டாம் என்று இன்ஜினீயரிடம் சொல்லியும் விட்டார்.

அந்தப் பாராட்டுதான் அவன் தலையில் விழுந்தது. அவனுக்கு நிக்காஹ் நிச்சயமாகி இருந்தது. பத்திரிகை அச்சடித்து ஊரிலிருந்து கட்டாக வந்து, கேம்பில் கக்கூஸ் கழுவுகிறவர் வரைக்கும் கொடுத்துவிட்டான். எங்கள் இன்ஜினீயர் லெபனான்காரர், கோபம் வந்தால் மட்டும் அமைதியாகப் பேசுகிற ரகம். பள்ளத்தை மூடிவிட்டு லீவில் போ, மேடம் வேறு ஆளை ஏற்கமாட்டார், நான் என்ன செய்ய என்று கையை விரித்தார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு வியாழக்கிழமை பம்பாய் விமானம், அதற்கடுத்த ஞாயிறு ஊரில் நிக்காஹ். வேலை விமானத்துக்கு நாலு நாள் முன்னதாகவே முடிந்துவிடும். லீவு சீட்டை நானே டைப் அடித்து வைத்தேன். அவனுடைய பாஸ்போர்ட்டும் என் மேசை டிராயரில்தான் பூட்டி இருந்தது.

இப்போது சொம்புக்கு வருகிறேன்.

தேராவில் எந்த சைட் தொடங்கினாலும் எங்கள் ஃபோர்மேன் ஒருவர் ஒரு மூலையில் ஒரு தேங்காயாவது உடைத்துவிடுவார். இங்கே ஃபோர்மேன் எகிப்துக்காரர், அவரிடம் போய் பூமி பூஜை என்று ஆரம்பிக்க முடியுமா? அதே சமயம் என் ஆபீஸ் கேபினை அவர்கள் போட்டிருந்தது கல்லறை மதிலை ஒட்டி. நிழல் அங்கேதான் இருந்தது. நான் டைப் அடிக்கிற இடத்துக்கும் ஒரு கப்பல் கேப்டன் படுத்திருக்கிற இடத்துக்கும் நடுவே ஒன்பது அங்குலச் சுவர். அவரை எழுப்பப் போகிறோம், ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? தைரியசாலிகளுக்கு இதெல்லாம் தோன்றாது. எனக்குத் தோன்றியது.

வேலை தொடங்குவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, சைட்டில் யாரும் இல்லை. பர் துபாயில் மீனா பஜாரில் எப்போதோ வாங்கி வைத்திருந்த செப்புச் சொம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே நவதானியம், மஞ்சள் கிழங்கு, குங்குமத்தில் புரட்டிய எலுமிச்சை. வாயில் மஞ்சள் துணி, கழுத்தில் மஞ்சள் நூல். நவதானியத்தில் கொள்ளு மட்டும் அந்த ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை. ஒன்பது என்றால் ஒன்பது வேண்டுமே என்று பாப்கார்ன் சோளத்தைச் சேர்த்துக்கொண்டேன். மந்திரம் எதுவும் தெரியாது. வாய் சும்மா இருக்கக்கூடாது என்பதற்காக எட்டாம் வாய்ப்பாட்டை மரியாதையான குரலில் பதினாறு வரைக்கும் சொன்னேன். சர்வேயரின் காம்பஸை வைத்து ஈசானிய மூலையைத் துல்லியமாகப் பார்த்து, முழங்கை ஆழத்தில் புதைத்து, மண்ணைத் தட்டிவிட்டு வந்தேன்.

பள்ளம் தென்மேற்கில் தொடங்கி வடகிழக்கில் முடிகிறது என்று வரைபடத்தில் இருந்தது. அந்த வரைபடத்தை வாங்கி, எண் போட்டு, ஃபைலில் வைத்தவன் நான்தான். திறந்து பார்ப்பது கிளார்க் வேலை இல்லை.

வேலை நன்றாகவே போனது. மேடம் கையைத் தூக்குவார், ஆபரேட்டர் நிறுத்துவான், அவர் இறங்கி மண்டியிட்டு ஏதாவது எடுப்பார். சிப்பி, பீங்கான் துண்டு, புகைக்குழாயின் முறிந்த காம்பு, பித்தளைப் பொத்தான். அன்றாட அறிக்கையில் நான் அவற்றையெல்லாம் எழுதுவேன். வெள்ளைப் பிரதி இன்ஜினீயருக்கு, ரோஸ் பிரதி மேடத்தின் தபால் தட்டில், மஞ்சள் பிரதி ஃபைலுக்கு. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் மண்ணில் கறுப்பாக ஒரு நீள்சதுரம் தெரிந்தது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான் நீளம். மேடம் கரண்டியால் விளிம்பை மட்டும் தெளிவாக்கிவிட்டு எழுந்து நின்றார். ஆபரேட்டர் யாரும் சொல்லாமலேயே இன்ஜினை அணைத்துவிட்டான். பாதிரியார் வந்து ஜெபம் செய்தார். அதைத் திறக்காமலேயே மணலால் மூடி, குழாயை இரண்டடி தள்ளிப் போட்டார்கள். இதில் ஒரு நாள் போனது, அதைப் பற்றி ஆபரேட்டர் உட்பட யாரும் முனகவில்லை. ஒரு ஆபத்தும் இல்லாமல் எல்லாம் நல்லபடியாக நடக்கிறதே, எல்லாம் நம் சொம்பின் மகிமை என்று நான் மட்டும் உள்ளுக்குள் என்னை மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது வார ஞாயிற்றுக்கிழமை, இன்னும் ஆறு மீட்டர் பாக்கி இருக்கும்போது மேடத்தின் கை உயர்ந்தது. பக்கெட் நின்றது. பக்கெட்டின் விளிம்பில் மஞ்சளாக ஒரு துணி.

ஈரமண்ணில் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்த நவதானியம் என்ன செய்யும் என்று நான் யோசித்திருக்கவில்லை. முளைத்திருந்தது. துணியைக் கிழித்துக்கொண்டு வெளிறிப்போன விரல்கள் மாதிரி நாலைந்து முளைகள் எட்டிப் பார்த்தன. எலுமிச்சை சுருங்கி, குங்குமம் கரைந்து, சொம்பின் வாயெல்லாம் ரத்தச் சிவப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், வைத்தவனே இரண்டடி பின்வாங்கினேன். ஆபரேட்டர் கேபினிலிருந்து குதித்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு நாலடி பின்னால் போனான்.

“செய்வினைண்ணே இது,” என்றான் மெதுவாக. “எவனோ குடியக் கெடுக்க வச்சிருக்கான்.”

அப்போதே ‘அது நான்தானப்பா’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இங்கே முடிந்திருக்கும். நான் செய்தது, தலையை ஆட்டி, “சே, என்ன ஜனங்களோ” என்றது.

அன்று சாயங்காலமே தேவாலயக் கமிட்டி கூடியது. எங்கள் ஆட்களின் கல்லறைக்குப் பக்கத்தில் யாரோ சூனியம் செய்திருக்கிறார்கள், யார், எதற்கு என்று தெரியும்வரை ஒரு பிடி மண் எடுக்கக்கூடாது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்களின் சமாதிக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று முளைத்து நின்றால் நாம் சும்மா இருப்போமா? மேடமும், சமீபத்தில் யாரோ தோண்டிய இடம் இது, விவரம் தெரியாமல் நான் கையெழுத்துப் போட முடியாது என்றுவிட்டார். இன்ஜினீயர் மிக அமைதியாகப் பேசினார். வியாழக்கிழமை காலைக்குள் ஆள் தெரியாவிட்டால் போலீஸ். அந்த ஊரில் சூனியம் என்பது விளையாட்டு விஷயமில்லை. ஜெயில், அதன் பிறகு நாடு கடத்தல்.

வியாழக்கிழமைதான் ஆபரேட்டரின் விமானம்.

அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். தின்றேன், கூடவே இன்னொரு ஆம்லெட்டும். பயந்தால் எனக்குப் பசிக்கும்.

திங்கள்கிழமை காலை நான் கண்டுபிடித்த உபாயம்தான் அந்த மொட்டைக் கடிதம். சொம்பு தீங்கற்றது, அது சூனியமல்ல, மரியாதை, தயவுசெய்து தோண்டுவதைத் தொடரவும், இப்படிக்கு ஒரு நலம்விரும்பி. ஆங்கிலத்தில் அடித்து முடித்ததும் கைகள் தாமாகவே மீதி வேலையைப் பார்த்துக்கொண்டன. பிரதி, எண், முத்திரை, ஒப்பம். இன்ஜினீயரின் மேசையில் கடிதத்தை வைத்துவிட்டு, சாமர்த்தியசாலி ஒருவன் நடப்பது போல நடந்து என் நாற்காலிக்கு வந்தேன்.

இன்ஜினீயர் முத்திரையைப் பார்க்கவில்லை. அவர் எந்தக் கடிதத்திலும் முத்திரையைப் பார்த்ததில்லை. விஷயத்தைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தார். செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டு, தோண்டுவது தொடர வேண்டும் என்று இந்த சைட்டிலேயே அதிகம் தவிப்பது யார் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார். அந்த ஆபரேட்டர்தான். அவன் ஊர்க்காரர்களுக்கு இந்த நூல், எலுமிச்சை எல்லாம் தெரிந்திருக்கும். கல்யாணம் நல்லபடியாக நடக்க ஏதோ செய்திருக்கிறான், இப்போது மாட்டிக்கொண்டு கடிதம் எழுதுகிறான். அவன் பாஸ்போர்ட் உன் டிராயரில்தானே இருக்கிறது, அதை என்னிடம் கொடு. லீவு கலாஸ், அவ்வளவுதான்.

அவனாவது, இங்கிலீஷில் கடிதம் எழுதுவதாவது. அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ‘ஸ்டாப்’, ‘ஸ்லோ’, ‘ஓகே மேடம்’. அதைச் சொல்லிப் பார்த்தேன். யாரையாவது வைத்து எழுதியிருப்பான் என்றார் இன்ஜினீயர். டிராயரைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். அதன் அடியில் அவனுடைய கல்யாணப் பத்திரிகை இருந்தது. ரோஜாப்பூ படம் போட்டு, தங்க எழுத்தில். ‘தாங்கள் குடும்ப சகிதம் வருகை தந்து துஆச் செய்ய வேண்டுகிறோம்’ என்ற வரிக்கு மேலே என் பெயரைக் கோணல்மாணலாக அவனே எழுதியிருந்தான்.

விஷயம் தெரிந்ததும் அவன் சண்டை போடவில்லை. ஓடாத பொக்லைனில் ஏறி உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து நான் கீழே போய் நின்றேன். வாப்பாவுக்குத் தந்தி அடிக்க வேண்டும், இங்கிலீஷில் என்ன எழுதுவது என்று கேட்டான். என்ன எழுத வேண்டும் என்றேன்.

“மாப்பிள்ளை வரல, மத்ததெல்லாம் நடத்துங்கன்னு,” என்றான். பிறகு, “மாப்பிள்ளை இல்லாம என்னத்த நடத்துவாகண்ணே,” என்று அவனே சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை.

புதன்கிழமை காலை மேடத்தைத் தேடிப் போனேன். கல்லறைத் தோட்டத்துக்குள் வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தேவாலயக் காவல்காரர், ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எலுமிச்சையைத் தேசிக்காய் என்பவர், அறுபது தாண்டியவர், கமிட்டியிலும் ஒருவர். இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். கால்கள் திரும்பியும் விட்டன. வாய் அதற்குள் முந்திக்கொண்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆங்கிலத்தில் மேடத்துக்கு, தமிழில் காவல்காரருக்கு, இரண்டு தடவை அவமானம். மேடம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நோட்டைத் திறந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். எவ்வளவு ஆழம்? எந்தத் திசை? ஏன் அந்தத் திசை? மஞ்சள் எதற்கு, எலுமிச்சை எதற்கு? ஒன்பது தானியமும் என்னென்ன? பாப்கார்ன் என்றதும் பேனா நின்றது. கொள்ளு கிடைக்கவில்லை என்றேன். தலையசைத்து அதையும் எழுதிக்கொண்டார். சொன்ன மந்திரம் என்ன என்றார். எட்டாம் வாய்ப்பாடு என்றேன். எது வரைக்கும் என்று கேட்டார். ஆயிரம் வருஷம் கழித்து யாராவது படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பது போல ‘பதினாறு வரை’ என்று எழுதினார்.

எழுதி முடித்துவிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு ரோஸ் காகிதத்தை எடுத்து நீட்டினார். என் மொட்டைக் கடிதம். வரவு எண், முத்திரை, என் ஒப்பம் எல்லாம் பளிச்சென்று. தினசரி அறிக்கையைப் போலவே அதன் ரோஸ் பிரதியையும் நான் அவர் தட்டில் வைத்திருக்கிறேன்.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் வேலை நின்று பார்ப்பது, தானாக மேலே வருவதை அவசரப்பட்டுக் குத்தினால் உடைந்துவிடும் என்றார். இன்று மதியம் வரை பார்த்திருப்பேன், அதற்கு மேல் அந்தப் பையனுக்காக நானே தோண்டியிருப்பேன் என்றும் சொன்னார்.

காவல்காரர் அதுவரை பைப்பை ஒரே செடிக்குப் பிடித்திருந்தார். அது மிதக்க ஆரம்பித்திருந்தது. உங்கள் ஆட்களின் தூக்கத்தைக் கெடுக்கிறோமே என்ற பயத்தில்தான் செய்தேன், கமிட்டியிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அவர் கல்லறைகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“நூறு வருசமா இதுக்குள்ள கிடக்கினம், தம்பி. உம்மட தேசிக்காய்க்குப் பயந்து எழும்பி ஓடப் போகினமோ?” என்றார். “ஆனா எங்களிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நானும் வந்து நிண்டிருப்பன்.”

நான் அவர் கையிலிருந்து பைப்பை வாங்கி அடுத்த செடிக்குப் பிடித்தேன்.

அவரே கமிட்டி ஆட்களைக் கூட்டிப் பேசினார். மேடம் இன்ஜினீயரிடம் ரோஸ் காகிதத்தைக் காட்டினார். இன்ஜினீயர் என்னைப் பார்த்து மிக மிக அமைதியாக, “மாஃபி முக்” என்றார். மூளை இல்லை என்று அர்த்தம். எழுத்தில் கேட்டிருந்தால் அதற்கும் முத்திரை குத்தித் தந்திருப்பேன். ஒரு மாதச் சைட் படியும் போனது, வேலை போகவில்லை. கேபினை மட்டும் மதிலை விட்டுத் தள்ளி, வெயிலில் வைத்தார்கள்.

அன்று மதியமே பக்கெட் இறங்கியது. ஆறு மீட்டரையும் ஆபரேட்டர் டீக்குக்கூட இறங்காமல் சுரண்டினான். அவசரமிருந்தும் ஒரு தடவைகூட நாலு விரலுக்கு மேல் அள்ளவில்லை. மேடத்தின் கை உயரும் ஒவ்வொரு முறையும், வேறு எதையாவது புதைத்திருந்தேனா என்று யோசித்தேன். எல்லாம் சிப்பி. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசிக் குழாயை இறக்கி மண்ணை மூடினார்கள். அன்றைய அறிக்கையில், ‘கண்டெடுத்தவை: சிப்பி மட்டும்’ என்று என் வாழ்க்கையிலேயே மிக அழகான கையெழுத்தில் எழுதினேன்.

விமான நிலையத்துக்குப் போகிற கம்பெனி வேனில் அவன் பெட்டியை நான்தான் தூக்கி வைத்தேன். மேடம் கொடுத்த பிஸ்கட் டின் ஒன்று அவன் மடியில் இருந்தது. பாஸ்போர்ட்டை அவன் கையில் கொடுத்தபோதுதான் அவனிடம் முதல் தடவையாக மன்னிப்புக் கேட்டேன். அவன் பாஸ்போர்ட்டைத் திறந்து தன் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேன் கிளம்பிவிடப் போகிறதே என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, உன் கல்யாணத்துக்கு நான் என்ன செய்யட்டும், என்ன வேண்டுமானாலும் கேள் என்றேன்.

“எதையும் பொதைக்காம இருங்கண்ணே, போதும்.”